ஒரே பல்லை இரண்டு தடவை பிடுங்கியவர்

என் கணவருக்கு எழுத வராது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே வரும். கல்யாணத்துக்கு முன்பு எனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்தான். இப்போது சோம்பேறித்தனம். கடல் தாண்டிப் போய்க் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்த பிறகு, "கையுறையைக் கழட்டி, ஒவ்வொரு எழுத்தா தேடிக் குத்தறதுக்குள்ள சாப்பாட்டு நேரமே முடிஞ்சிடுது" என்று ஒரு சாக்கு கண்டுபிடித்துக்கொண்டார். அதனால் மதிய இடைவேளையில் பொம்மை அனுப்புவார். ஊர் உலகம் இமோஜி என்று சொல்வதை நான் பொம்மை என்றுதான் சொல்வேன்.

ஆரம்பத்தில் தினமும் ஒரு கட்டைவிரலும் ஒரு இதயமும் வரும். அதே விரல், அதே இதயம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

"தெரியாமதான் கேக்கறேன். தினமும் ஒரே படம் வந்தா, அது நீங்க அனுப்புனதா, இல்ல உங்க ஃபோன் தூக்கத்துல உளர்றதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, என்ன பண்ணணும்ங்கற?"

"ஒரு தடவை அனுப்பினத மறுபடி அனுப்பக் கூடாது. அன்னிக்கு நடந்தது அதுல இருக்கணும்."

அன்றிலிருந்து மனிதர் தேறிவிட்டார். மேகம், ஷூ, மீன் 🌧️👞🐟 என்று வந்தால், மழையில் ஷூ ஊறி மீன் நாற்றம் அடிக்கிறது என்று பொருள். கிழவர், ஒலிபெருக்கி, சேவல் 👴📢🐓 என்றால் மேஸ்திரி விடிந்ததும் விடியாததுமாகக் கத்தினார். அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனைப் பற்றித்தான் நிறைய வரும். அவன் வேறு நாட்டுக்காரன், வேறு மொழிக்காரன். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கையையும் காலையும் ஆட்டித்தான் பேச்சு. அவனுக்கு என் கணவர் வைத்த பெயர் தாடி. தாடி சமைத்தது, தாடி குறட்டை விட்டது, தாடி குளியலறையில் பாடியது எல்லாம் எனக்குப் பொம்மையாக வந்து சேர்ந்துவிடும். ஞாயிறு தவிர மற்ற நாளில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பட்டறைக்குள் சிக்னல் நிற்காது, ராத்திரி அறையில் எட்டுப் பேர் தூங்குவார்கள்.

போன வருஷம் ஒரு நாள் பல், அழுகிற முகம், ஐஸ்கிரீம் 🦷😭🍨 என்று வந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அழுதேன், பிறகு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவர் தன் துக்கத்தைச் சொல்ல முடியாது என்று அன்றைக்குக் கடை முழுவதும் காட்டிச் சிரித்தேன்.

கடை என்றால் கேக் கடை. நான் கேக்கின் மேல் எழுதுகிறவள், வரைகிறவள். முன்பெல்லாம் பெயரும் வாழ்த்தும் ரோஜாப்பூவும் போதும். இப்போது யாரும் பூ கேட்பதில்லை. ஃபோனை நீட்டி, "இது மூணும் இதே வரிசையில வேணும்" என்கிறார்கள். கவுண்டரில் இருக்கும் பெண்தான் எங்களுக்கு அகராதி. ஓயாமல் பேசுவதால் அவளைச் சில்வண்டு என்று கூப்பிடுவோம். மண்டையோடு வந்தால் செத்தே போனேன் என்று அர்த்தமில்லை, சிரித்துச் செத்தேன் என்று அர்த்தம். தலைகீழ்ச் சிரிப்பு வந்தால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். கறுப்பு இதயம் காதலர்களுக்கு, வெள்ளை இதயம் பட்டும் படாமல் பழகுகிறவர்களுக்கு. இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்த வேலை ஒரு குரங்கு. இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டிருக்குமே, அந்தக் குரங்கு. மாலைக்குள் வேண்டும். சில்வண்டு விளக்கம் சொன்னாள்.

"மன்னிப்பு கேக்கற கேக்குக்கா இது. 'உன் மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்கு'ன்னு அர்த்தம்."

"வெக்கமா இருந்தா கேக் எதுக்கு, நேர்ல போய்க் கால்ல விழ வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டுப் பழுப்புக் க்ரீமைக் கோனில் நிரப்பினேன். குரங்கின் முகத்தை வட்டமாகப் போட்டு முடித்தபோது ஃபோன் துடித்தது. விரலில் க்ரீம் இருந்ததால் முழங்கையால் திரையைத் தட்டிப் பார்த்தேன்.

🦷😭🍨

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மறுபடியும் பல்லா? இன்னொரு பல் போயிருந்தாலும் இவர் அதே மூன்றை அதே வரிசையில் அனுப்ப மாட்டார். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இரண்டு பல், அல்லது பல்லும் துடைப்பமும், எதையாவது கோணலாகச் சேர்த்திருப்பார். கையைக் கழுவிவிட்டு, "மறுபடியும் பல்லா? எந்தப் பக்கம்?" என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. 👍

எந்தப் பக்கம் என்று கேட்டால் கட்டைவிரலைக் காட்டுகிறவர் யார்? மேலே தள்ளிப் பார்த்தேன். வியாழக்கிழமை வந்தது: கோழி, மிளகாய், வியர்க்கும் முகம் 🐔🌶️🥵. தாடியின் சமையல் என்று நினைத்து விட்டிருந்தேன். இன்னும் மேலே தள்ளினேன். தள்ளிக்கொண்டே போனேன். மழைக்காலத்தில் ஒரு நாள் அதே கோழி, அதே மிளகாய், அதே முகம். புதன்கிழமை வந்த மாம்பழமும் தாளம் போடும் கைகளும் அதற்கும் முன்னால் ஒரு வெயில் காலத்தில் இருந்தன. செவ்வாயும் அப்படித்தான். திங்கட்கிழமை எதுவுமே வரவில்லை. அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்புக்கு நாலடுக்குக் கேக் போட்டதில், வராததை நான் கவனிக்கவே இல்லை.

ஆக, செவ்வாயிலிருந்து எனக்கு அனுப்புவது அவரில்லை. யாரோ எங்கள் பழைய நாட்களை எடுத்துத் தூசி தட்டி எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். துண்டித்தார்கள். எடுக்காமல் விடுவது வேறு, துண்டிப்பது வேறு. துண்டிக்க ஒரு விரல் வேண்டும். அந்த விரல் யாருடையது?

"அக்கா, குரங்குக்குக் கை போடல" என்றாள் சில்வண்டு.

"போடறேன் போ."

"முகம் ஏன் இப்படி இருக்கு உங்களுக்கு?"

சொன்னேன். உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் கையில் துணியோடு வந்து நின்றார். பெரிய மனிதர், நிதானமாகத்தான் பேசுவார்.

"ஃபோனைத் தொலைச்சிருப்பாரும்மா. எடுத்தவன் விளையாடறான்."

"திருட்டு ஃபோனை வெச்சிருக்கறவன் அடுத்தவன் பொண்டாட்டிக்கு மாம்பழம் அனுப்புவானா அண்ணா?"

"அதுவும் சரிதான்" என்றார். அதற்குப் பிறகு அவரும் போகவில்லை.

கம்பெனி அலுவலகத்தின் எண் என்னிடம் இருந்தது. ஒரு பெண் எடுத்தாள். அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. 'லீவ்' என்ற சொல் மட்டும் இரண்டு தடவை கேட்டது. எதற்கு லீவ், எத்தனை நாள் லீவ் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். லீவ் போட்டால் ஊருக்கு வருவார், இல்லாவிட்டால் படுத்திருப்பார். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நினைக்காமல் இருக்க, க்ரீம் கோனின் முனையில் மாட்டும் நாஸிலை எடுத்து மறுபடி கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன். குரங்கு கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தது.

திடீரென்று தோன்றியது, தாடிதான். வேறு யார்? பக்கத்துக் கட்டில், ஃபோனின் பூட்டைத் திறக்க இழுக்கும் கோடும் அவனுக்குத் தெரியும். அவனிடம் என் மொழியில் என்ன எழுதினாலும் அவனுக்கு அது கோலம். அவன் மொழி எனக்கு அதைவிடக் கோலம். ஃபோனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது என்று சில்வண்டு அதைத் திறந்தாள். "எந்த மொழின்னு போடணும்?" என்று கேட்டாள். தாடியின் குறட்டை எந்தச் சுருதி என்றுகூட எனக்குத் தெரியும். அவன் நாடு எது, மொழி எது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கே அசிங்கமாக இருந்தது.

பிறகு தாடி வைத்த முகத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். 🧔❓

நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறான் என்றது. படுபாவி, மூன்று பொம்மை போட இவ்வளவு யோசனையா என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் கும்பிடும் கைகள் வந்தன. 🙏

"பாத்தீங்களா, ஒத்துக்கறான்" என்றாள் சில்வண்டு.

ஒத்துக்கொள்வது எனக்கு எதற்கு? தொப்பி போட்ட வேலைக்காரர் முகத்தை அனுப்பினேன். 👷❓

அதற்குப் பதில் இல்லை. என்ன ஆயிற்று என்பதை நானே பொம்மையாகப் போட்டுக் கேட்க வேண்டும் போலிருந்தது. பொம்மைகளின் பட்டியலைப் புரட்டினேன். வீடு இருந்தது, விமானம் இருந்தது, கட்டில் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி அந்தப் பெட்டி இருந்தது. மரப்பெட்டி. இத்தனை வருஷத்தில் அது அங்கே இருப்பதை நான் பார்த்ததே இல்லை. அதைத் தொட்டால் போதும், ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வந்துவிடும். என் விரல் அதன் மேல் நின்றது. தொடவில்லை. என்னால் முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மை வேண்டாம், மாம்பழமே போதும் என்று இருந்தது.

"ஆஸ்பத்திரிய அனுப்பும்மா" என்றார் அடுப்பு அண்ணன், என் தோளுக்கு மேல் பார்த்தபடி. அவரும் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

👷🏥❓ என்று அனுப்பினேன்.

இந்தத் தடவை யோசிக்காமல் அனுப்பினான். 👷🏥. கேள்விக்குறி இல்லாமல். அதற்குக் கீழே ஒரு இதயம், அதற்குக் கீழே மூச்சு விடுகிற முகம். இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஆனால் இருக்கிறார். சில்வண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம்.

அடுத்து வந்தது நெருப்பும் கண்களும். 🔥👀

சில்வண்டு என் முகத்தைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் உலகம் முடியப் போகிறது என்று அர்த்தம்.

"என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. நாங்க இதை எப்பப் போடுவோம்னா... அழகா யாராவது ஃபோட்டோ போட்டா. கண்ணு அங்கயே நிக்குதுன்னு. இவரு ஆஸ்பத்திரில யாராவது நர்ஸ..."

"அறைஞ்சிடுவேன்."

"நான் சொல்லலக்கா, பொம்மை சொல்லுது."

வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது அனுப்பியது சில்வண்டின் கூட்டாளி இல்லை. நாள் முழுவதும் நெருப்போடு வேலை செய்கிறவனின் அறைத்தோழன். அவனுக்கு நெருப்பு என்றால் நெருப்பு, கண் என்றால் கண். கண்ணில் நெருப்பு. கீழே அவன் இன்னும் ஒன்று சேர்த்திருந்தான், ஒட்டுப் போடும் பிளாஸ்திரி. 🩹. எனக்குப் புரிந்துவிட்டது. என் குரங்குக்குக் கை போட இனி என்னால் முடியாது என்பதும் புரிந்தது. கோனை அடுப்பு அண்ணன் வாங்கிக்கொண்டார். ரொட்டி பிசைகிற கை அவருடையது. கோணல்மாணலாக இரண்டு கையைப் போட்டு, அந்தக் கண்களை மூடிவிட்டார்.

வீடியோவில் கூப்பிட்டேன். துண்டித்தான். வாயில் விரல் வைத்த முகமும் வேலைக்காரர் முகமும் வந்தன. 🤫👷. சொல்லக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறாராம். யார், என் கணவர். யாரிடம், என்னிடம். அதுவரை பயமாக இருந்தது எல்லாம் ஒரே நொடியில் கோபமாகத் திரும்பிவிட்டது. சிவந்த முகங்களை வரிசையாக அனுப்பினேன். எத்தனை என்று எண்ணவில்லை, திரை நிறையும் வரை அழுத்தினேன். 😡😡😡😡😡. அதன் அடியில் ஃபோன். 📞

பதில் இல்லை. நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான். கடைக்குள் நடந்தேன். கவுண்டரிலிருந்து அடுப்பறைக்கு, அடுப்பறையிலிருந்து கவுண்டருக்கு. ஒரு அம்மா கேக் வாங்க வந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "குரங்கு சரியா வரல" என்றாள் சில்வண்டு. அந்த நிலைமையிலும் அவளுக்கு வாய் ஓயாது.

ஃபோன் அடித்தது. வீடியோ. மாவு மூட்டைகளுக்கு நடுவே ஓடிப் போய் எடுத்தேன்.

முதலில் தாடி தெரிந்தான். தாடிக்கு நடுவில் சின்னப் பையன் முகம். நான் நினைத்து வைத்திருந்த முரட்டு ஆள் இல்லை. கண்கள் சிவந்து, திட்டு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றான். நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தான். பிறகு ஃபோனைத் திருப்பினான்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்களையும் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டு. அதற்குக் கீழே மூக்கும் மீசையும் மட்டும் என் கணவருடையவை.

"யோவ்" என்றேன். கல்யாணமாகி அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தப்பாகத் திருப்பினார். சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டியா? இவன் என்னைக் காட்டிக் குடுத்துட்டானா?"

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை பத்த வெச்ச இடத்தைச் சுத்தியால தட்டினேன். கண்ணாடியக் கழட்டி வெச்சிருந்தேன். சூடா இரும்புச் செதில் கண்ணுல தெறிச்சிடுச்சு. இடது கண்ணு தப்பிச்சாச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வலது கண்ணு பிரிச்சாதான் தெரியுமாம். நாளைக்குப் பிரிக்கறாங்க."

"அஞ்சு நாளாச்சு. ஒரு வார்த்தை சொல்லத் தோணல?"

"நாளைக்குப் பிரிச்சிட்டா, ஞாயித்துக்கிழமை நானே பேசும்போது சொல்லிக்கலாம்னு பாத்தேன். முன்னாடியே பேசினா என் குரல்லயே நீ கண்டுபிடிச்சிடுவ. அதான் இவன்கிட்ட ஃபோனக் குடுத்து, உனக்கு ஏதாவது அனுப்பச் சொன்னேன்."

"இவன் பழசை எடுத்து எடுத்து அனுப்பியிருக்கான்."

"பழசை அனுப்பக் கூடாதுங்கறத எந்தக் கையால நான் இவனுக்கு விளக்குவேன்? ஃபோனைத் தடவிக் காட்டினேன், உனக்குன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரிஞ்ச மாதிரி என் கையப் புடிச்சு ஆட்டினான். இன்னிக்கு என்ன அனுப்பினான்?"

"பல்லு."

"எந்தப் பல்லு?"

"பல்லு, அழுக, ஐஸ்கிரீம்."

அவர் சிரித்தார். கட்டு அசையாதபடி வாயை மட்டும் விரித்துச் சிரித்தார். "அடப்பாவி. ஒரே பல்ல ரெண்டு தடவ புடுங்கிட்டானா?" தாடிக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. அவனும் சேர்ந்து சிரிப்பது ஃபோன் குலுங்குவதில் தெரிந்தது.

நானும் சிரிக்கத்தான் போனேன். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாளும் இவர் இருட்டில் உட்கார்ந்திருக்க, நான் மாம்பழத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நாளைக்குக் கட்டைப் பிரிக்கும்போது ஒரு பக்கம் இருட்டாகவே இருந்துவிட்டால் என்ன செய்வார், வெல்டிங் தவிர வேறென்ன தெரியும் இவருக்கு. எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"ஏய், என்ன பேச்சையே காணோம்? அழறியா?"

"இல்லையே." குரலை இழுத்துப் பிடித்தேன். "கேக் அவசரம். ஒரு குரங்குக்குக் கை போடணும். அதான் பாத்துட்டிருக்கேன்."

"நிஜமா அழலையே?"

"நான் எதுக்கு அழணும்? இடது கண்ணுதான் நல்லா இருக்கே."

தாடி திரையின் ஓரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவனுக்குக் கண் இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் கேட்கவில்லை. ஃபோன் பிடிக்காத கையை நீட்டி, கட்டுக்குக் கீழே என் கணவரின் கன்னத்தில் விரலை வைத்து, மெதுவாகத் தாடை வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். பிறகு மறு கன்னத்திலும் ஒன்று.

என் கணவர் அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"பொய் சொல்லாத. இவன் சொல்லிட்டான்" என்றார்.

"சரி, அழறேன். இப்ப என்ன அதுக்கு?"

"ஒண்ணுமில்ல, அழு" என்றார் அவர். "நானும் திங்கக்கிழமைலேருந்து அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன். கட்டு இருக்கறதால ஒருத்தருக்கும் தெரியல."